வெளிக் குழாயை இப்போதே மூடாதீர்கள்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இதே நிலைமையில் வேறு ஆட்களும் இருப்பார்கள். இந்த வசந்தத்தில் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் பிக்கரிங்கில் வீடு வாங்கியிருக்கிறீர்கள். முன்வளவில் ஒரு ‘ஓட்டம் பிளேஸ்’ (Autumn Blaze) மேப்பிள், பின்வேலியோரம் வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் பன்னிரண்டு சீடர், மூலையில் ஒரு அப்பிள் கன்று. எல்லாம் மே மாதம் நட்டவை. டெக்கில் ஊரை நினைவுபடுத்த ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. ஒக்ரோபர் நடுப்பகுதி வந்துவிட்டது, பயம் பிடித்துக்கொண்டது. எல்லாவற்றையும் சாக்கால் சுற்றவா, கொப்புகளை வெட்டவா, குளிரைத் தாங்குவதற்குப் பசளை போடவா என்று கேட்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் மூன்றுக்கும் ‘ஓம்’ என்றாராம்.

சாக்குக்குப் பாதி ஓம். வெட்டுவதும் பசளையும் இப்போது வேண்டாம். நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: தண்ணீர். ஒன்ராறியோவில் இருபது வருடமாக மரம் நடுகிற, செத்த மரத்தைத் தோண்டி எடுக்கிற வேலை செய்கிறேன். வசந்தத்தில் நான் தோண்டி எடுக்கும் கன்றுகளில் குளிரால் மட்டும் செத்தவை மிகக் குறைவு. தாகத்தால் செத்தவை, எலி கடித்துச் செத்தவை, வெயிலில் பட்டை வெடித்தவை, றோட்டு உப்பு தின்றவை, இவைதான் கூட. குளிர்காலத்தில் தாகமா, வெயிலா என்று சிரிப்பீர்கள். நானும் வந்த புதிதில் அப்படித்தான் சிரித்தேன்.

மரம் குளிருக்கு எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால், எதில் கைவைக்கலாம், எதில் கூடாது என்பது தானாக விளங்கும். ஓகஸ்டில் நாங்கள் இன்னும் பார்பிக்கியூ போட்டுக்கொண்டிருக்கும்போதே பகல் குறைவதை மரம் கவனித்துவிடுகிறது. வளர்ச்சியை நிறுத்தி, அடுத்த வருடத்து மொட்டுகளை மூடிக் கட்டுகிறது. இரவு குளிரத் தொடங்கியதும் இலையில் இருக்கும் நைதரசன் போன்ற சத்துகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இலைக்காம்பின் அடியில் தக்கை மாதிரி ஒரு தடுப்பு உருவாகி இலை கழன்று விழுகிறது. சேமித்த மாப்பொருளில் ஒரு பகுதி சீனியாக மாறுகிறது. உயிரணுக்களுக்குள் இருக்கும் தண்ணீரில் ஒரு பங்கு வெளியே, அணுக்களுக்கு இடையில் உள்ள இடைவெளிக்கு நகர்கிறது. உறைவது அங்கேதான் உறையும். உள்ளே மிஞ்சுவது பாகு மாதிரித் தடித்த திரவம், அது இலேசில் உறையாது. மேப்பிள் சிரப் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? கோடையில் இலை சமைத்துச் சேர்த்த அந்தச் சாப்பாடுதான் மார்ச்சில் சாறாக வடிகிறது. 40 லீற்றர் சாறு காய்ச்சினால் ஒரு லீற்றர் சிரப்.

இந்த வேலை கட்டம் கட்டமாக நடக்கிறது. இந்த ஊர் மேப்பிளின் கொப்பு ஜனவரியில் மைனஸ் 30ஐயும் தாங்கும். அதே கொப்பு செப்ரம்பரில் அதில் கால்வாசியைக்கூடத் தாங்காது. ஆகவே இந்த மாதங்களில் மரத்தை எழுப்பிவிடும் எதையும் செய்யக்கூடாது. நைதரசன் பசளை அதைத்தான் செய்கிறது: ‘எழும்பு, தளிர் விடு’ என்கிறது. அந்தத் தளிருக்குப் பட்டை முற்றுவதற்கு நேரம் இருக்காது, முதல் கடும் உறைபனியிலேயே கருகும். நான் ஜூலை முடிந்தால் மரங்களுக்கு நைதரசன் போடுவதில்லை. கடையில் ‘வின்டரைசர்’ என்று பெரிதாக எழுதி அடுக்கியிருக்கும் மூட்டை புல்லுக்குச் செய்தது. மேப்பிளின் வேர் புல்லுக்கடியில்தான் ஓடுகிறது என்பதால், புல்லுக்குப் போடும்போதும் கன்றைச் சுற்றி ஒரு மீற்றர் விட்டுப் போடுங்கள்.

வெட்டுவதும் அப்படித்தான். ஒரு கொப்பை வெட்டினால் அந்தக் காயத்தை மூட மரத்துக்கு வளர்ச்சி வேண்டும். உறங்கப் போகிற மரம் எங்கே போய் மூடுவது? அதோடு இலையுதிர்காலம் பூஞ்சணங்கள் வித்துப் பரப்பும் காலம், ஈரமும் கூட. வெட்ட நல்ல நேரம் பெப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம். இலை இல்லாததால் எந்தக் கொப்பு எங்கே உராய்கிறது என்பது வடிவாகத் தெரியும், வெட்டிய சில கிழமைகளில் மரம் எழும்பிக் காயத்தை மூடத் தொடங்கிவிடும். ஓக் மரம் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். ‘ஓக் வில்ட்’ என்ற நோய் கனடாவில் முதன்முதலாக 2023இல் நயாகரா போல்ஸில் கண்டுபிடிக்கப்பட்டது. புதுக் காயத்தின் மணத்துக்கு வரும் சிறு வண்டுகள் அதைக் காவிக்கொண்டு வரும். நடு வின்டரைத் தவிர வேறு நேரம் ஓக்கில் கத்தி வைக்காதீர்கள்.

ஒரு விலக்கு இருக்கிறது. செத்த கொப்பு, பாதி முறிந்து தொங்கும் கொப்பு, இவற்றை எந்த மாதமும் எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். குறிப்பாகக் காருக்கு மேலும் கூரைக்கு மேலும் நிற்பவற்றை. இலை விழ முதல் பார்த்தால் எது செத்தது என்று கண்டுபிடிப்பது சுலபம். பழைய வளவுகளில் ஆஷ் மரம் நின்றால் ஆள் கூப்பிட்டுக் காட்டுங்கள். மரகதத் துளைவண்டு 2002இல் வின்ட்சர் பக்கம் காணப்பட்டதிலிருந்து இந்த மாகாணத்தில் ஆஷ் மரங்கள் செத்துக்கொண்டுதான் வருகின்றன. செத்த ஆஷ் பிஸ்கட் மாதிரி முறியும். ஏணி வைத்து நீங்களே ஏறாதீர்கள். இன்னொன்று, பெரிய மரத்தில் கைவைக்க முதல் நகரசபை விதியைப் பாருங்கள். ரொறன்ரோவில், நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளக்கும்போது தண்டின் விட்டம் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால், உங்கள் சொந்த வளவில் நின்றாலும் அனுமதி வேண்டும். ஊருக்கு ஊர் இந்த அளவு மாறும்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன்.

எங்கள் ஆட்கள் பெரும்பாலும் ஒக்ரோபரில் வரும் தாங்ஸ்கிவிங் முடிந்த கையோடு வெளிக் குழாயை மூடி, ஹோஸைச் சுருட்டிக் கராஜில் போட்டுவிடுகிறார்கள். குழாய் வெடித்துவிடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் மரத்தின் கணக்கில் அது ஒரு மாதம், சில வருடங்களில் ஒன்றரை மாதம் முந்திவிடுகிறது. இலை விழுந்தாலும் வேர் உறங்குவதில்லை. மண் ஐந்து டிகிரிக்கு மேலே இருக்கும் வரைக்கும் வேர் வேலை செய்கிறது, நீளுகிறது. ரொறன்ரோ சுற்றுவட்டாரத்தில் நிலம் இறுகி உறைவது பெரும்பாலும் டிசம்பரில். அதுவரைக்கும் மழை இல்லாத கிழமைகளில் இந்த வருடம் நட்ட மரத்துக்குத் தண்ணீர் விடவேண்டும்.

மழை பெய்ததுதானே என்று நம்பியிருக்காதீர்கள். ஒரு நீட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய், மரத்தடியிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்துங்கள். பிடி வரைக்கும் வழுக்கிக்கொண்டு இறங்கினால் ஈரம் போதும். நாலு விரல் இறங்கி நின்றுவிட்டால் கீழே காய்ந்து கிடக்கிறது. சீடர் வேலியில் இதைக் கட்டாயம் செய்யுங்கள், ஏனென்றால் மேலே கொப்புகள் குடை பிடித்தமாதிரி நிற்பதால் அடியில் மழை விழுவதே குறைவு. வேலிப் பலகையோடு ஒட்டி நட்டிருந்தால் இன்னும் மோசம். வெளியே புல் சொதசொதவென்று இருக்கும், சீடரின் அடி தூசியாக இருக்கும். நான் இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டேன்.

எவ்வளவு விடுவது? கோடையில் தண்டின் விட்டம் ஒரு அங்குலத்துக்குக் கிழமைக்கு 40 லீற்றர் என்று நர்சரிகளில் ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒக்ரோபர், நவம்பரில் அதில் பாதி எனக்குச் சரிவந்திருக்கிறது. ஹோஸைச் சின்ன விரல் பருமனுக்கு ஓடவிட்டு, மரத்தடியில் அரை மணித்தியாலம் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். சீறிக்கொண்டு அடித்தால் தண்ணீர் மேலே ஓடிப் பக்கத்து வீட்டுக்குப் போகும். நவம்பர் கடைசியில், அடுத்த கிழமை முழுக்க மைனஸ் என்று வானிலை சொல்லும்போது, கடைசித் தடவையாக நன்றாக நனைத்துவிட்டு அதற்குப் பிறகு குழாயை மூடுங்கள். இடையில் ஓரிரு இரவு உறைந்தால் குழாய்க்கு ஒன்றும் ஆகாது. ஹோஸைக் கழற்றி வைத்தால் போதும். குழாய் வெடிப்பது பெரும்பாலும் ஹோஸைக் கழற்றாமல் விடுவதால்தான். ஈர மண்ணுக்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது. அது காய்ந்த மண்ணைவிடச் சூட்டை அதிகம் பிடித்து வைத்திருக்கும், மெதுவாகக் குளிரும். கொப்பு மைனஸ் 30ஐத் தாங்கினாலும், பல மரங்களின் வேர் மைனஸ் 10, 15க்கே செத்துவிடும். வேர் பிழைப்பது மண்ணின் தயவில்தான்.

சீடருக்கு ஏன் இவ்வளவு கரிசனை என்றால், அது இலையோடு வின்டரைக் கழிக்கிறது. மேப்பிள் கடையை மூடிவிட்டுப் படுத்துவிடும். சீடர், பைன், பொக்ஸ்வுட் எல்லாம் கடை திறந்தபடி. பெப்ரவரி, மார்ச்சில் நல்ல வெயில் எறிக்கும், காற்று அடிக்கும், இலை ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். கீழே மண் கல்லாக உறைந்து கிடக்கும். வேர் எடுத்துக் கொடுக்க ஒன்றும் இல்லை. ஏப்ரலில் பார்த்தால் காற்று அடித்த பக்கம் மட்டும் செம்புக் கம்பி நிறத்தில் காய்ந்திருக்கும், மற்றப் பக்கம் பச்சை. ‘குளிரில் எரிந்துவிட்டது’ என்பார்கள். உண்மையில் அது நின்றபடியே காய்ந்தது.

சாக்கு வருவது இந்த இடத்தில்தான். உங்கள் பன்னிரண்டு சீடரையும் பொட்டலம் கட்டவேண்டாம். காற்று வரும் பக்கம் ஒரு மறைப்புப் போதும், இங்கே அது பெரும்பாலும் வடக்கும் மேற்கும். மரத்திலிருந்து ஒரு அடி தள்ளி மரக்குத்திகளை அறைந்து, அதில் சணல் சாக்குத் துணியை இழுத்து அடித்துவிடுங்கள். சாக்கு இலையில் ஒட்டக்கூடாது. நனைந்து உறைந்த சாக்கு இலையோடு ஒட்டிக்கொண்டு நின்றால் நன்மையைவிடத் தீமை கூட. குத்திகளை நிலம் உறைய முதல் அறைந்து வைத்துவிட வேண்டும், டிசம்பரில் சுத்தியல்தான் உடையும். பிளாஸ்ரிக் தாளோ தறப்பாளோ கட்டவே கட்டாதீர்கள். பகல் வெயிலில் உள்ளே அவியும், இரவில் உறையும். அப்படி நீலத் தறப்பாளால் சுற்றிக் கட்டிய ஒரு வேலியை அவிழ்க்கப் போனேன். உள்ளே இருந்ததைத் தேநீர்த்தூள் என்று சொல்லி விற்கலாம். இலைக்கு அடிக்கும் மெழுகுத் தெளிப்பு ஒன்றும் விற்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, அந்தக் காசுக்கு இன்னும் நாலு யார் சாக்கு வாங்கலாம். மூன்று நாலு வருடம் வேர் பிடித்து, ஒதுக்குப்புறமாக நிற்கும் சீடருக்கு இந்த மறைப்பும் தேவையில்லை.

இடையில் ஒன்று. இந்த மாதம் சீடரின் உட்பக்கம் பழுப்பாகி உதிர்வதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். வெள்ளைப் பைனிலும் உள்ளே இருக்கும் ஊசிகள் மஞ்சளாகி விழும். அது பழைய இலையைக் கழிப்பது, நோய் அல்ல. நுனியில் பழுப்பு வந்தால்தான் யோசிக்கவேண்டும். டாமராக் என்று ஒரு மரம் இருக்கிறது, பார்த்தால் பைனுக்குத் தம்பி மாதிரி. ஆனால் நவம்பரில் பொன் நிறமாகி எல்லா ஊசியையும் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். அது செத்துவிட்டது, வெட்டித் தாருங்கள் என்று என்னை இரண்டு வீட்டுக்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இனி அப்பிள் கன்று. இதற்கு என் சொந்தக் கதையையே சொல்கிறேன். ஸ்காபரோவில் நாங்கள் முதன்முதலாக வாங்கிய வீட்டில் ஒரு அப்பிள் வைத்தேன். நன்றாக இருக்கட்டும் என்று தண்டைச் சுற்றி மரச்சீவலை, இங்கே மல்ச் என்பார்கள், கோயில் கோபுரம் மாதிரிக் குவித்துவிட்டேன். அந்த வருடம் பனி நன்றாக விழுந்தது. ஏப்ரலில் பனி கரைந்து, கோபுரத்தை விலக்கிப் பார்த்தால், கரும்பைக் கடித்து உரித்தமாதிரி அடித்தண்டைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குப் பட்டையே இல்லை. வெள்ளை மரம் பளபளவென்று தெரிகிறது, அதில் சின்னச் சின்னப் பல் வரிகள். வயலெலியின் வேலை. பனிக்கடியில் சுரங்கம் போட்டுக்கொண்டு வந்து, நான் கட்டிக்கொடுத்த சூடான கோபுரத்துக்குள் குடியிருந்து, பசிக்குச் சுவரைத் தின்றிருக்கிறது.

கொடுமை என்னவென்றால் அந்த மே மாதம் மரம் பூத்தது. தண்ணீர் மேலே போகிற குழாய்கள் உள்ளே மரத்தில் இருக்கின்றன, அவை போதும் என்று இலையும் விட்டது. மனைவி ‘பார்த்தீங்களா, தப்பிவிட்டது’ என்றார். ஆனால் இலை சமைக்கும் சாப்பாடு கீழே வேருக்குப் போவது பட்டையின் வழியாக. வழி அறுந்துவிட்டது. வேர் தன்னிடம் இருந்த சேமிப்பைச் சாப்பிட்டு முடித்தது, ஓகஸ்டில் மரம் ஒரே கிழமையில் காய்ந்தது. சுற்றிவர முழு வளையமாகப் பட்டை போனால், ஒட்டுக் குச்சிகளால் பாலம் போட்டுக் காப்பாற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அப்போது தெரியாது.

ஆகவே உங்கள் அப்பிளுக்கு நவம்பர் தொடக்கத்தில் இதைச் செய்யுங்கள். தண்டை ஒட்டியிருக்கும் புல்லையும் மல்ச்சையும் ஒரு கை அகலத்துக்கு விலக்குங்கள். ஹார்ட்வெயார் கடையில் கால் அங்குலக் கண் உள்ள கம்பிவலை வாங்கி, தண்டைச் சுற்றி உருளையாக, தண்டில் முட்டாமல், மூன்று நாலு விரல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். அடிப்பக்கத்தை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் இறக்கவேண்டும், எலி கீழால் வரும். உயரத்தை எலிக்காக அல்ல, முயலுக்காகப் பாருங்கள். முயல் பனிக்கு மேல் நின்றுதான் சாப்பிடும். உங்கள் வளவில் வழக்கமாக எவ்வளவு பனி நிற்குமோ அதற்கு மேல் இரண்டு அடி வேண்டும். கோழிக்கூட்டு வலையின் பெரிய கண்ணுக்குள்ளால் எலி நுழைந்துவிடும், அது வேண்டாம்.

இதே தண்டுக்கு வெயிலும் ஒரு எதிரி. அப்பிள், செரி, இள மேப்பிள், லிண்டன், இவற்றுக்குப் பட்டை மெல்லியது. ஜனவரியில் மேகம் இல்லாத ஒரு பின்னேரம், காற்று மைனஸ் 10, நிலமெல்லாம் வெள்ளைப் பனி. தென்மேற்கில் சாய்ந்த சூரியன் நேராகத் தண்டில் அடிக்கிறது, பனியில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் சேர்கிறது. அந்தப் பக்கத்துப் பட்டை பூச்சியத்துக்கு மேலே சூடாகி, உள்ளே உயிரணுக்கள் வசந்தம் என்று நினைத்துக் கண் விழிக்கின்றன. ஐந்து மணிக்குச் சூரியன் விழுந்ததும் வெப்பம் பொத்தென்று இறங்க, விழித்தவை சாகின்றன. வசந்தத்தில் தென்மேற்குப் பக்கம் நீளமாக ஒரு குழிவு, பிறகு வெடிப்பு. ஒரு முறை வெடித்த இடத்தில் வருடக்கணக்கில் பூச்சியும் பூஞ்சணமும் புகுந்து விளையாடும்.

இதற்கு மருந்து வெள்ளை நிறம், அவ்வளவுதான். சுருள் மாதிரி வெள்ளைப் பிளாஸ்ரிக் காப்பு விற்கிறார்கள், இள மேப்பிளுக்கும் அப்பிளுக்கும் நவம்பரில் சுற்றி ஏப்ரலில் கழற்றிவிடுங்கள். கறுப்பு, கபில நிறத்தில் இருப்பதை வாங்காதீர்கள், அது சூட்டைப் பிடிக்கும். கழற்ற மறந்தால் உள்ளே ஈரம் தங்கும், பூச்சி முட்டையிடும், தண்டு பருக்கும்போது இறுக்கும். நட்டபோது நர்சரிக்காரர் சுற்றிய காப்பு மூன்று வருடமாக அப்படியே இருந்து, தண்டுக்குள் புதைந்துபோன மரங்களைக் கண்டிருக்கிறேன்.

மல்ச் போடுங்கள், ஆனால் கோபுரமாக அல்ல, வடை மாதிரி: நடுவில் ஓட்டை, சுற்றிவர இரண்டு மூன்று அங்குலத் தடிப்பு, கன்றைச் சுற்றி ஒரு மீற்றர் அகலம். விழுந்த மேப்பிள் இலையைப் புல்வெட்டியால் இரண்டு தரம் ஓட்டி நொறுக்கினால் அதுவே நல்ல மல்ச். அப்பிளின் கீழ் விழும் இலையை மட்டும் முழுதாகக் கூட்டிக் காகிதப் பையில் போட்டு அனுப்பிவிடுங்கள். ‘ஸ்காப்’ என்ற புள்ளி நோயின் வித்து அந்தச் சருகில்தான் வின்டரைக் கழிக்கிறது. நோர்வே மேப்பிள் இலையில் தார் தெறித்தமாதிரி வரும் கறுப்புப் புள்ளி பார்க்கத்தான் பயங்கரம், மரத்துக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது.

உப்பு. முன்வளவு மேப்பிள் ட்ரைவ்வே ஓரம்தானே நிற்கிறது? பனியைச் சவளால் அள்ளி எறியும்போது உப்புக் கலந்த பனியை அதன் அடியில் குவிக்காதீர்கள். ஊரில் கடல் தண்ணீர் ஏறிய நிலத்தில் பயிர் என்னவாகும் என்று தெரியும்தானே, அதே கதைதான். சோடியம் மண்ணை இறுக்கும், குளோரைட்டு வேர் வழியாக ஏறி இலை விளிம்பைக் கருக்கும். மைனஸ் 10க்குக் கீழே சாதாரண உப்புப் பெரிதாக வேலையும் செய்யாது, அந்த நாட்களில் மணல் தூவுங்கள். 401 நெடுஞ்சாலை ஓரத்தில் மார்ச் மாதம் றோட்டைப் பார்த்த பக்கம் மட்டும் சிவந்துபோய் நிற்கும் வெள்ளைப் பைன்களைப் பார்த்தால் மிச்சம் விளங்கும்.

விழுந்த இடத்திலேயே ஐஸாக உறையும் உறைமழையைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 2013 டிசம்பர் கிறிஸ்மஸுக்கு முதல் வந்த உறைமழையில் ரொறன்ரோவில் மட்டும் ஏறத்தாழ மூன்று லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன, பெரும்பாலும் மரக் கொப்புகள் விழுந்து. 1998 ஜனவரியில் கிழக்கு ஒன்ராறியோவும் கியூபெக்கும் பட்டதை இன்னும் சொல்வார்கள். 2025 மார்ச் கடைசியில் ஒரிலியா, பீற்றர்பரோ பக்கம் மறுபடியும். இதில் முறிவது எந்த மரம்? V எழுத்து மாதிரி இறுகிய கவர், அதாவது தண்டு இரண்டாகப் பிரியும் இடம், உள்ளது. இரண்டு தண்டு நெருக்கமாக மேலே போகும்போது நடுவில் பட்டை மாட்டிக்கொள்ளும், மரத்தோடு மரம் ஒட்டாது. பார்க்கப் பலமாக இருக்கும், பனிக்கட்டி பாரம் ஏறியதும் பிளந்துவிடும். உங்கள் ஓட்டம் பிளேஸ் மேப்பிள் இதில் பெயர் எடுத்த ஜாதி, சிவப்பு மேப்பிளுக்கும் சில்வர் மேப்பிளுக்கும் பிறந்த கலப்பு, வேகமாக வளரும், கவர் இறுகும். இந்த இலையுதிர்காலத்தில் இலை விழுந்ததும் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். இரண்டு தலைத்தண்டு போட்டியிட்டால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மார்ச்சில் ஒன்றை எடுத்துவிடுங்கள். விரல் பருமனில் இருக்கும்போது செய்தால் கத்திரிக்கோல் வேலை, பதினைந்து வருடம் கழித்து என்றால் கிரேன் வேலை.

சீடரின் நுனிகளை இப்போதே மெல்லிய கயிற்றாலோ பழைய காலுறையாலோ தளர்வாகக் கட்டிவிட்டால் ஈரப்பனி பிளக்காது. பனி ஏறினால் தும்புத்தடியால் கீழிருந்து மேலாக மெதுவாகத் தட்டிவிடலாம். கண்ணாடி மாதிரி உறைந்த கொப்பைத் தட்டவே தட்டாதீர்கள், ஐஸோடு கொப்பும் வரும். வளைந்தபடி நிற்கட்டும், கரைந்ததும் முக்கால்வாசி நிமிர்ந்துவிடும்.

கறிவேப்பிலை இந்தப் பட்டியலிலேயே சேராது, அது இந்த நாட்டு மரம் அல்ல. இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கியதும் உள்ளே வந்திருக்கவேண்டும். இன்னும் டெக்கில் நின்றால் இதை வாசித்து முடிக்க முதல் எடுத்துவையுங்கள். உள்ளே கொண்டுபோக முதல் இலையின் அடிப்பக்கத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள், செதில் பூச்சியும் சிவப்புச் சிலந்தியும் கூடவே குடிவரும். தெற்கு ஜன்னலில் வைத்து, மண் மேலே காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர். டிசம்பரில் இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நிற்கும். அந்த நேரம் பாவம் பார்த்துத் தினமும் தண்ணீர் விட்டுத்தான் எங்கள் ஆட்கள் அதைக் கொல்கிறார்கள்.

அத்தி வைக்க ஆசை என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். என் பழைய வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு இத்தாலியக் கிழவர் இருந்தார். ஒவ்வொரு நவம்பரும் அவர் தன் அத்தி மரத்தைப் புதைப்பார். ஒரு பக்கத்து வேரைச் சவளால் வெட்டி, மறுபக்கம் நீளமாக ஒரு கிடங்கு தோண்டி, கொப்புகளைக் கட்டி, மரத்தை மெதுவாகச் சரித்துக் கிடத்துவார். மேலே பலகை, சருகு, மண். முதல் தடவை வேலிக்கு மேலால் பார்த்தபோது ஆள் யாரையோ அடக்கம் செய்கிறார் என்று நினைத்தேன். ஏப்ரலில் தோண்டி நிமிர்த்துவார், செப்ரம்பரில் ஒரு பை பழம் வேலிக்கு மேலால் வரும். உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம், தொட்டியில் வையுங்கள். இலை விழுந்ததும் சூடில்லாத கராஜில் தள்ளிவிட்டு மாதம் ஒருமுறை ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினால் போதும், இருட்டும் பரவாயில்லை. ஆனால் தொட்டியில் இருக்கும் எந்த மரத்தையும் வெளியே விடாதீர்கள். நிலத்துக்குள் இருக்கும் சூடு தொட்டி வேருக்குக் கிடையாது, நாலு பக்கத்தாலும் உறையும்.

வசந்தத்தில் இன்னொரு பதற்றம் வரும். பக்கத்து வீட்டு மரம் தளிர்க்கும், உங்களுடையது சும்மா நிற்கும். நகத்தால் ஒரு சின்னக் கொப்பின் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். கீழே ஈரப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. கபிலமாகக் காய்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிச் சுரண்டுங்கள், நுனி மட்டும் போயிருக்கலாம். நட்ட முதல் வருடம் சில மரங்கள் ஜூன் தொடக்கம் வரைக்கும் இழுத்தடிக்கும், அதுவரைக்கும் தோண்டி எடுக்க என்னைக் கூப்பிடாதீர்கள்.